மூன்றாவது ரிப்பன்

மே 28, சனி

தண்ணீர் மோட்டார் மறுபடி காற்று இழுக்கிறது. ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தேன், ரப்பர் தேய்ந்துவிட்டது. மாற்றினேன்.

மதியம் ஒரு டி.வி. கம்பெனியிலிருந்து போன். யாழினி என்று ஒரு பெண், உதவி இயக்குநராம். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் இறந்த பைலட் எட்வின் ஞானமுத்துவைப் பற்றிப் பத்துப் பகுதித் தொடர் எடுக்கிறார்களாம். கடைசிப் பகுதி சுதந்திர தினத்தன்று வருமாம். பெயர் ‘ஆகாயச் சிங்கம்’.

“சார், அவரைக் கடைசியா பிளேன்ல உக்கார வெச்சு பெல்ட் போட்டு விட்டது நீங்கதானே? மிஸஸ் ஞானமுத்து மேடம்தான் உங்க நம்பர் குடுத்தாங்க. டெக்னிக்கல் அட்வைசரா நீங்க வரணும்.”

ஆமாம், நான்தான். ஐம்பது வருஷமாக யாரைப் பார்த்தாலும் என்னைப் பற்றிச் சொல்வதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. வருகிறேன் என்றேன். நான் போகாவிட்டால் வேறு எவனாவது போய் ஹெலிகாப்டரைக் காட்டி ஜெட் என்பான்.

சுலோச்சனா அடுப்படியிலிருந்து, “ஏங்க, ஹீரோ யாருன்னு கேட்டீங்களா?” என்றாள். நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு எது முக்கியம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜூன் 2, வியாழன்

திருநீர்மலைப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனிக் கொட்டகையில் படப்பிடிப்பு. உள்ளே பிளைவுட்டில் ஒரு ஹன்டர் விமானம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். வால் கொஞ்சம் கோணல். வண்ணம் மட்டும் பளபளவென்று இருக்கிறது, எங்கள் தளத்தில் ஒரு விமானமும் அப்படி இருந்ததில்லை.

கதையைக் கொடுத்து, பிழை இருந்தால் குறிக்கச் சொன்னார்கள். எனக்குப் பழகிய வேலை. விமானப் படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு. கண்ட குறையை எழுத வேண்டும், எடுத்த நடவடிக்கையை எழுத வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடாத வேலை செய்யாத வேலை என்பார் எங்கள் சார்ஜென்ட். கையெழுத்துப் போட்ட வேலையெல்லாம் செய்த வேலைதானா என்று அவர் சொல்லவில்லை.

குறை: பைலட் எப்போதும் மீசையை முறுக்குகிறார். எட்வின் சாருக்கு மீசையே கிடையாது. குள்ளம், கறுப்பு, காது இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய்.

குறை: வானத்தில் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறார். இயக்குநர் பிரசன்னாவிடம் கேட்டேன். “முகமூடி போட்டா முகம் தெரியாதே சார். அப்புறம் ஜனங்க எதைப் பாப்பாங்க?” என்றார். சரி, முகத்தைப் பார்க்கட்டும். மூச்சு விடுவதைப் பற்றி யாருக்கு அக்கறை?

குறை: தீப்பிடித்த விமானத்தில் ஒன்றரைப் பக்க வசனம். தீப்பிடித்த விமானத்தில் மனிதனுக்கு ஒன்றரை வரி கிடைத்தாலே அதிகம்.

குறை: கடைசிக் காட்சியில் விமானம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் விழப் போகிறது. நாற்பது பிள்ளைகள். குதித்துத் தப்பிக்க வழி இருந்தும் குதிக்காமல், விமானத்தைத் திருப்பி ஆற்றில் விட்டு உயிரை விடுகிறார். அங்கே ஊரும் இல்லை, பள்ளியும் இல்லை, ஆறும் இல்லை. நாலு மைலுக்கு வெறும் கரும்பு.

“கரும்புக்காக யாராச்சும் உயிரை விடுவாங்களா சார்?” என்றார் பிரசன்னா.

யாழினிதான் கேட்டாள், கரும்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று. உடைந்த பாகங்களை எடுத்துவரப் போன லாரியில் நானும் போனேன் என்றேன்.

“உங்களை அனுப்பினாங்களா சார்?”

“நானே கேட்டுப் போனேன்.”

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். எஜமான விசுவாசம் என்று எழுதியிருப்பாள்.

இன்னொரு குறை. கதையில் என் பெயரில் கார்ப்பரல் கோதண்டம் என்று ஒருவன் வருகிறான். எதிரி விமானங்கள் குண்டு போடப் போட, அதற்கு நடுவில் ஓடிப்போய் ஏணியில் ஏறி பைலட்டைத் தயார் செய்கிறான். கோதண்டம் அப்படி ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிரசன்னா என் தோளில் தட்டி, “உங்க தன்னடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு சார்” என்றார்.

ஜூன் 6, திங்கள்

இன்று படப்பிடிப்பு இல்லை. குக்கர் வெயிட் தொலைந்துபோக, சுலோ என் மேஜை டிராயரையும் விடவில்லை. பழைய புகையிலை டப்பாவைத் திறந்து, “இன்னாங்க இது, வளைஞ்ச கம்பி? தூக்கிப் போடட்டுமா?” என்றாள்.

கத்திவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன்.

“வெயிட்டைத் தேடினா வெடிகுண்டு வெடிக்குதே” என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். வெயிட் பிறகு சிங்க் அடியில் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, பூ வாங்கி வந்தேன்.

ஜூன் 9, வியாழன்

எட்வின் சார் ஏறுவதற்கு முன் விமானத்தின் டயர் பக்கம் போய் ஒன்றுக்குப் போவார், ஒவ்வொரு முறையும். பயத்தில்தான். ஏணியில் கால் வைக்கும்போது மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “கோதண்டம், சாப்ட்டியா?” என்று கேட்பார். சாப்பிட்டேன் சார் என்றால்தான் ஏறுவார்.

இதை எடுங்கள் என்றேன். கதாநாயகன் ரித்திஷ் முகம் சுளித்தான். “டயர்ல மூத்திரம் போற சிங்கமா சார்?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நிஜச் சிங்கம் எங்கே போகும் என்று நினைத்திருக்கிறான்? எட்வின் சார் சிங்கம் இல்லை. பயந்துகொண்டே ஏறியவர். பயந்தும் ஏணியில் மேலே போனார். எல்லாருக்கும் அது வராது. எனக்குத் தெரியும்.

ஜூன் 15, புதன்

மேடம் கூப்பிட்டிருந்தார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷன் போய், ரோட்டைத் தாண்டி, பெரம்பூருக்கு இன்னொரு ரயில்.

லில்லி மேடம், எட்வின் சாருடைய மனைவி. பாளையங்கோட்டைக்காரர். பெரம்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்வின் சார் இறந்த டிசம்பர் ஏழாம் தேதி வருஷா வருஷம் நான் போய்ப் பார்ப்பேன். மேடம் ஒரு துண்டு பிளம் கேக்கும் காபியும் கொடுப்பார். பேச்சு முட்டுவலியைப் பற்றியும் கனடாவில் இருக்கும் மகளைப் பற்றியும்தான் இருக்கும். அந்த நாளைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று மேஜையில் ஒரு படிவம் இருந்தது. கடைசிக் காட்சி உண்மைச் சம்பவம்தான், குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று மேடம் கையெழுத்துப் போட வேண்டும். இது இல்லாமல் அந்தக் காட்சி வராது.

“கோதண்டம், அந்தக் கடைசி சீன் வாசிச்சீங்களா? அங்க ஊரு இருந்துச்சா?”

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன்.

“உங்ககிட்ட இதச் சொன்னதில்ல. எனக்கு அப்ப எட்டு மாசம். தலைப்பிரசவம். வாறேன் வாறேன்னு நாலு லெட்டர் போட்டாரு. யுத்தம்னு லீவ ரத்து பண்ணிட்டாங்க. எனக்கு ஆத்திரம். ‘இப்ப வர முடியலன்னா இனிமே நீங்க வரவே வேண்டாம்’னு எழுதிப் போட்டுட்டேன். அவரு சாமானோட அந்த லெட்டரும் திரும்பி வந்துச்சு. பிரிச்சு வாசிச்சிருந்தாரு. எங்க மாமியாரும் வாசிச்சாங்க. ‘இத வாசிச்சுட்டுத்தான் எம்புள்ள குதிக்காமப் போயிட்டான், நீதான் கொன்ன’ன்னு சாகுற மட்டும் சொன்னாங்க.”

மேடம் புடவைத் தலைப்பை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

“ஏன் குதிக்கலன்னு யாருமே சொல்லல. ‘காரணம் தெரியவில்லை’ன்னு ஒத்த வரி அனுப்பினாங்க. நான் வர வேண்டாம்னு எழுதினேன், அவரு வரல. அப்படித்தான் இத்தன வருஷமும் இருக்கேன். கீழ ஒரு ஊரு இருந்துச்சுன்னா, அது என் லெட்டரால இல்லைன்னு ஆகும்லா? நீங்க அந்த எடத்துக்கே போயிருக்கீங்க. இருந்துச்சுன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடுதேன்.”

“யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்றேன். ஓர் ஊர் இருந்ததா இல்லையா என்பதை எவன் யோசித்துச் சொல்வான்? மேடம் அதைக் கவனிக்கவில்லை. அல்லது வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்.

வாசல் வரைக்கும் வந்து, “போயிட்டு வாங்க” என்றார். அந்த லெட்டருக்குப் பிறகு, அந்த வார்த்தை சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லையாம். “கேஸ் சிலிண்டர் போட வாறவன்கிட்டயும் சொல்லிருவேன். அவன் சிரிப்பான்” என்றார்.

ஜூன் 16, வியாழன்

மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது.

ஜூன் 24, வெள்ளி

கதாநாயகனின் ஷூ லேசு கட்டிய விதம் தவறு என்று அரைமணி நேரம் சண்டை போட்டேன். பைலட்டின் லேசு நுனி வெளியே தொங்கக் கூடாது, பெடலில் மாட்டும். பிரசன்னாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “லேசை யாரு சார் பாக்கப் போறா?” என்றார். நான் பார்ப்பேன் என்றேன். மாற்றினார்கள். எனக்கு அது ஒரு வெற்றி மாதிரி இருந்தது. இந்த வயதில் இதற்கெல்லாம் சந்தோஷப்படுகிறேன்.

பிறகு டூயட் எடுத்தார்கள். லில்லி மேடமாக நடிக்கும் பெண் விமான இறக்கையில் பாவாடை பறக்க உட்கார்ந்து ஆடினாள். இறக்கையில் ‘இங்கே மிதிக்காதே’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 1, வெள்ளி

யாழினி கெட்டிக்காரி. எங்கேயோ பழைய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

“சார், ஆபத்துல பைலட்டை வெளிய தூக்கி வீசற சீட்டு தரையில இருக்கும்போது தற்செயலா வெடிச்சு மேல போயிடாம இருக்க மூணு பின் போட்டு வெச்சிருப்பாங்களாமே? ஒவ்வொண்ணுலயும் செவப்பு ரிப்பன் இருக்குமாம். பைலட் கிளம்பும்போது ஏணியில நிக்கறவர் மூணையும் உருவி அவர் கண்ணுக்கு நேரா காட்டணுமாம். அவர் எண்ணிட்டுத் தலையாட்டணுமாம். ஏன் சார் காட்டணும்?”

“ஒரு பின் தலைக்குப் பின்னால இருக்கும்மா. பட்டை கட்டி உக்காந்த பிறகு பைலட்டால அதைப் பாக்கவும் முடியாது, எட்டவும் முடியாது. அதனால காட்டணும்.”

“அது எடுக்கலன்னா?”

“எடுக்காம விடமாட்டாங்க.”

“சூப்பர் சார்! இதை நீங்க ஏன் சொல்லவே இல்ல? கட்டாயம் வெக்கலாம்.”

வேண்டாம் என்றேன். டி.வி. பார்க்கிறவர்களுக்குப் பின்னும் புரியாது, ரிப்பனும் புரியாது, நேரம்தான் வீண் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

“ஷூ லேசுக்கு அரைமணி நேரம் சண்டை போட்டீங்க சார்.”

வெயில் அதிகம் என்று சொல்லி மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 5, செவ்வாய்

என் பேச்சை மீறி எடுத்துவிட்டார்கள். பிரசன்னாவுக்கு ரிப்பனின் நிறம் பிடித்துவிட்டதாம்.

கோதண்டமாக நடிப்பவன் மதுரைப் பக்கத்து ஆள், நல்ல உயரம். அந்தப் பக்கம் பட்டாசு வெடிக்கிறது, புகை போடுகிறார்கள், இவன் ஏணியில் அசையாமல் நிற்கிறான். மூன்று பின்களையும் சீட்டுக் கட்டு மாதிரி விரித்துப் பிடிக்கிறான். ரித்திஷ் விரல் நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கட்டை விரலை உயர்த்துகிறான். ஏழு டேக் போனது. ஏழு முறையும் மூன்று இருந்தது.

அந்த நடிகன் என்னிடம் வந்து, “சரியா செஞ்சேனா அய்யா?” என்று கேட்டான்.

“ரொம்பச் சரி தம்பி. அப்படித்தான் செய்யணும்” என்றேன்.

ஜூலை 12, செவ்வாய்

மேடம் போன். நாளைக்குள் படிவம் கொடுக்க வேண்டுமாம்.

“யோசிச்சீங்களா கோதண்டம்?”

“ஊர் இருந்தது மேடம்.”

“பள்ளிக்கூடம்?”

“இருந்தது.”

அந்தப் பக்கம் மேடம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்ப என் லெட்டர் இல்ல” என்றார். “ஸ்தோத்திரம்” என்றார். கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு விதவையின் மனபாரத்தை இறக்கி வைத்திருக்கிறேன். இதில் என்ன தப்பு? ஐம்பது வருஷம் கழித்து யாருக்கு நஷ்டம்? சும்மா எழுதி வைக்கிறேன்.

சுலோ இன்று கத்தரிக்காய் வறுவல் செய்தாள். சாப்பிடவில்லை. “டி.வி.க்காரங்க பிரியாணி போட்டு நாக்கைக் கெடுத்துட்டாங்க” என்றாள்.

ஆகஸ்ட் 15, திங்கள்

காலை எங்கள் குடியிருப்பில் என்னைக் கொடியேற்ற வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். செயலாளர் பேசும்போது, குண்டு மழையில் அஞ்சாமல் நின்ற வீரர் நம் நடுவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார் என்றார். கைதட்டினார்கள். சுலோ முதல் வரிசையில் பட்டுப் புடவையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது பகுதி பார்த்து என்னை முதல் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டவள் மாதிரி நடந்துகொள்கிறாள்.

மாலை கடைசிப் பகுதி. எதிர்வீட்டு ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டில். பெரிய டி.வி. எங்களுடையதுதான்.

ரித்திஷ் முகமூடியைக் கழற்றி ஒன்றரைப் பக்கமும் பேசினான். பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். குதிக்கும் கைப்பிடியில் கை வைத்தான், பிள்ளைகளைப் பார்த்தான், கையை எடுத்துவிட்டான். ஆற்றில் தண்ணீர் தென்னை உயரம் எழுந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். விம்மல் அடங்கும்போது பெயர்கள் ஓடின. ‘தொழில்நுட்ப உண்மைத்தன்மை: செ. கோதண்டம், விமானப் படை (ஓய்வு)’.

உண்மைத்தன்மை. தமிழில் இப்படி ஒரு வார்த்தை இருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

மேடம் போன். குரல் சரியில்லை.

“கோதண்டம், அந்த ரிப்பன் சீன் உள்ளதுதானா? அவரு மூணும் எண்ணினாரா?”

“எண்ணினார் மேடம்.” நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அன்றைக்கு விமானப் படை விசாரணையிலும் இதே கேள்வி, இதே பதில்.

“பின் எல்லாம் எடுத்தாச்சுன்னா சீட்டு வேலை செஞ்சிருக்கும். குதிக்க முடிஞ்சிருக்கும். ஆனா குதிக்கல.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“கீழ நாப்பது பிள்ளைய இருந்துச்சு, சரி. இங்க ஒண்ணு இருந்துச்சே வயித்துல, எட்டு மாசம்? அந்த நேரத்துல அவருக்கு அது ஞாபகமே வரலியா? கையை வெச்சுட்டு எடுத்துட்டாரே, கோதண்டம். பாத்தேம்லா நான்.”

“மேடம், அது நடிகன்...”

“நீங்கதான் உள்ளதுன்னு சொன்னீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இத்தன வருஷம் நாந்தான் கொன்னேன்னு இருந்தேன். அதுலயாவது, என்னைய நெனச்சுட்டே போனாருன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. ஃபிளாட்ல எல்லாரும் வந்து கை கொடுக்காங்க, பெருமையா இருக்கான்னு கேக்காங்க. எனக்கு அவரு மேல கோவமா வருது. செத்துப்போன மனுஷன் மேல கோவப்பட வெச்சுட்டாங்களே. என் மக கனடாவுலருந்து பேசுதா, ‘அப்பாவுக்கு நாம முக்கியமில்லயாம்மா’ன்னு. நான் என்ன சொல்ல?”

நான் என்ன சொல்ல?

ஆகஸ்ட் 17, புதன்

மழை. டப்பா டிராயரில்தான் இருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

பெரம்பூர் போய் வந்தேன். எழுதிவிடுகிறேன்.

மேடம் காபி போட எழுந்தார். வேண்டாம், உட்காருங்கள் என்றேன். டப்பாவை மேஜையில் வைத்துத் திறந்தேன். பேனா ரீஃபில் தடிமனில், ஒரு விரல் நீளத்தில் ஒரு பின். நடுவில் வளைந்தது. ரிப்பன் காவி ஏறிக் கறுத்துவிட்டது.

“இது மூணாவது பின், மேடம். தலைக்குப் பின்னால இருக்கறது.”

அவருக்கு உடனே புரியவில்லை. சொன்னேன். சைரன் ஊதியபோது நான் ஏணியில் இருந்தேன். இரண்டு பின் உருவியாகிவிட்டது. ஓடுபாதையின் அந்தக் கோடியில் முதல் குண்டு விழுந்தது. அன்று ஏணியில் கேட்க விட்டுப்போனதை அவர் அப்போது கேட்டார், “கோதண்டம், சாப்ட்டியா?” என்று. நான் பதில் சொல்லவில்லை. குதித்து இறங்கிப் பதுங்கு குழிக்கு ஓடினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணுவதற்காகக் காத்திருந்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கை மூடியிருந்தது, ரிப்பன்கள் தொங்கின. அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டா மூன்றா என்று தெரியாது. அவர் தலையாட்டினார். என்னை நம்பினார். பிறகு புத்தகத்தில் ‘பின்கள் மூன்றும் எடுக்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் லாரியில் கரும்புக் காட்டுக்குப் போய், உடைந்து கிடந்த முன்பகுதியில், யாரும் பார்க்காதபோது, இடுக்கியால் இதைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“அங்க ஊர் இல்ல மேடம். யாருமே இல்ல. கரும்புதான்.”

மேடம் என்னைப் பார்க்கவில்லை. பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஏன் வளைஞ்சிருக்கு?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இதற்குத்தான் ஐம்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“தலைக்கு மேல மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கைப்பிடி ஒண்ணு இருக்கும் மேடம். குதிக்கணும்னா ரெண்டு கையாலயும் அதை முகத்துக்கு முன்னால இழுக்கணும். பின் உள்ள இருந்தா முழுசா வராது.”

“இழுத்தாரா?”

“கைப்பிடி ஒரு சாண் வெளிய வந்து நின்னுருந்தது.”

“அவரு இழுத்தாரா, கோதண்டம்?”

“இழுத்தார் மேடம். எஃகு அது. அது வளையணும்னா ஒருவாட்டி இழுத்தா போதாது. கடைசி வரைக்கும் இழுத்திருக்கார்.”

மேடம் பின்னைக் கையில் எடுத்தார். வளைவின் மேல் கட்டை விரலை வைத்து மெல்லத் தடவினார், குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி. ரொம்ப நேரம் தடவினார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

“வரத்தான் பாத்திருக்காரு” என்றார்.

ஆமாம் என்றேன்.

“வர வேண்டாம்னு எழுதியும் வரத்தான் பாத்திருக்காரு.” அழுதார். அழும்போது சிரித்த மாதிரியும் இருந்தது. “எங்க மாமியார் செத்து இருபத்தேழு வருஷம் ஆச்சு. அவங்க போறதுக்கு முன்னால இத சொல்லியிருக்கலாம்லா? ஒவ்வொரு டிசம்பருக்கும் வந்து இதே நாற்காலியில உக்காந்து கேக்கு தின்னீங்களே, கோதண்டம்.”

தின்றேன். ஐம்பது துண்டு இருக்கும். ஒரு வருஷம்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்தப் பின்னை விமானப் படைக்கு அனுப்புங்கள், டி.வி.க்காரர்களிடம் கொடுங்கள், போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். மேடம் பின்னை முந்தானையில் முடிந்துகொண்டார். காலி டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தார், முட்டுவலியோடு, எப்போதும் வருவது போலவே. செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேன் மேடம்” என்றேன், பழக்கத்தில்.

“போங்க” என்றார்.

கதவு சத்தமில்லாமல் மூடியது. படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலுக்கு நடந்தேன். பூங்காவில் ரயில் மாறும்போது இருவர் என்னை அடையாளம் கண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுலோ தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள், “மேடம் இன்னா சொன்னாங்க?”

“போயிட்டு வாங்கன்னு சொன்னாங்க” என்றேன்.